அயனிப் பிணைப்பா, சகப்பிணைப்பா? உருகுநிலை சொல்லாமல் விட்ட கதை

"எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7-க்கு மேல் இருந்தால் அயனிச் சேர்மம், கீழே இருந்தால் சகப்பிணைப்புச் சேர்மம் என்று படித்தோம். சோடியம் அயோடைடில் அந்த வேறுபாடு 1.73, ஹைட்ரஜன் ஃபுளோரைடில் 1.78. ஆனால் முன்னது அயனிச் சேர்மம், பின்னது சகப்பிணைப்புச் சேர்மம் என்றுதான் பாடநூல் சொல்கிறது. இரண்டில் எது தவறு?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. அதற்கு அமெரிக்க வேதியியலர் லினஸ் பாலிங் வகுத்த அளவுகோலில் சோடியத்துக்கு 0.93, அயோடினுக்கு 2.66, ஹைட்ரஜனுக்கு 2.20, ஃபுளோரினுக்கு 3.98, கழித்தால் அவர் சொன்ன எண்களே வருகின்றன. சோடியம் அயோடைடு 661 டிகிரி செல்சியஸில் உருகும் வெண்ணிறப் படிகம். ஹைட்ரஜன் ஃபுளோரைடோ 19.5 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். எது அதிக அயனித்தன்மை கொண்டது என்று எண்களிடம் கேட்டால், அவை வாயுவின் பக்கம்தான் கையைக் காட்டுகின்றன.

அடிப்படையை எல்லோரும் படித்திருப்பதால் அதை விரைந்து கடந்துவிடலாம். ஓர் அணு எலக்ட்ரானை இழக்க, இன்னொன்று அதை ஏற்க, எதிரெதிர் மின்சுமை பெற்ற இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வது அயனிப் பிணைப்பு. இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. முன்னதை ஜெர்மன் இயற்பியலர் வால்தர் கோசலும், பின்னதை அமெரிக்க வேதியியலர் கில்பர்ட் லூயிசும் 1916-ஆம் ஆண்டில் தனித்தனியே முன்வைத்தார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: லூயிஸ் தன் 1916 கட்டுரையிலேயே இவற்றை இரண்டு தனி வகைகளாகப் பார்க்கவில்லை. ஒரே தொடர்ச்சியின் இரு எல்லைகளாகத்தான் பார்த்தார். இடையில் மதில் எழுப்பியது பிற்காலத்து வினாத்தாள்கள்.

இந்தத் தொடர்ச்சியைப் புரிந்துகொள்ள, அயனிப் பிணைப்பின் வரவு செலவுக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சோடியம் எலக்ட்ரானை மனமுவந்து கொடுக்கிறது, குளோரின் அதை ஆவலோடு வாங்கிக்கொள்கிறது என்ற கதையில் பாதிதான் உண்மை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கிறது. அதாவது ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டால், மோலுக்கு 147 கிலோஜூல் நட்டம். எட்டு எலக்ட்ரான்கள் கிடைத்துவிட்டன என்ற நிறைவு இந்த நட்டத்தை ஈடுகட்டுவதில்லை. ஈடுகட்டுவது அதற்குப் பிறகு நடக்கும் நெருக்கம்தான். வாயு நிலையில் இவ்விரு அயனிகளும் 236 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தொலைவுக்கு நெருங்கும்போது, மின் ஈர்ப்பால் மட்டும் ஏறத்தாழ 589 கிலோஜூல் வெளிப்படுகிறது; அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது 787 கிலோஜூல். நட்டத்தைக் கழித்தாலும் கையில் நிற்கும் இலாபம் பெரியது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இலாபம் முழுவதும் அயனிகள் எவ்வளவு நெருங்க முடியும், எத்தனை அண்டை அயனிகளைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதிலிருந்தே வருகிறது என்பதுதான். சோடியம் குளோரைடு படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்கு உரியது என்று கேட்பதற்கே அங்கு இடமில்லை. வில்லியம் லாரன்ஸ் பிராக் 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அமைப்பைக் கண்டறிந்தபோது, உப்பில் மூலக்கூறு என்று ஒன்றே இல்லை என்பது தெரியவந்தது. மூத்த வேதியியலர்கள் சிலரால் இதைச் செரித்துக்கொள்ளவே முடியவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேய வேதியியலர் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1927-இல், 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளினார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. வேதியியல் என்றாலே மூலக்கூறுகளின் கதை என்று வாழ்நாள் முழுவதும் கற்பித்த ஒருவருக்கு, மூலக்கூறே இல்லாத ஒரு சேர்மம் அபத்தமாகத்தான் தோன்றியிருக்கும்.

இனி ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு வருவோம். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்தாலும் அதனிடம் இன்னும் பத்து எலக்ட்ரான்கள் எஞ்சியிருக்கின்றன. 102 பிக்கோமீட்டர் ஆரம் கொண்ட ஒரு முழுமையான அயனியாக அது நிற்கிறது. ஹைட்ரஜனிடம் இருப்பதே ஓர் எலக்ட்ரான். அதையும் இழந்தால் எஞ்சுவது வெறும் புரோட்டான். அணுவோடு ஒப்பிட்டால் அதற்குப் பருமன் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மேலும் அந்த எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 1312 கிலோஜூல் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு புரோட்டான் ஃபுளோரைடு அயனியின் அருகே வந்தால், மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்காது. எலக்ட்ரான் மேகத்துக்குள்ளேயே புகுந்துவிடும். மேகத்தின் ஒரு பகுதி அதைச் சூழ்ந்துகொள்ளும். அந்த நிலைக்குத்தான் நாம் சகப்பிணைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எலக்ட்ரான் எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டிருக்கிறது என்பதை அளக்கவும் வழி இருக்கிறது. ஒரு மூலக்கூறின் இருமுனை திருப்புத்திறனை (அதில் நேர், எதிர் மின்சுமைகள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்பதன் அளவு; அலகு டிபை) அளந்து, எலக்ட்ரான் முழுமையாகக் கைமாறியிருந்தால் அது எவ்வளவு இருந்திருக்கும் என்ற கணக்கோடு ஒப்பிடலாம். ஹைட்ரஜன் குளோரைடுக்கு அளந்த மதிப்பு 1.08 டிபை, முழுக் கைமாற்றத்துக்கான மதிப்பு ஏறத்தாழ 6.1 டிபை, ஆக 18 விழுக்காடு அயனித்தன்மை. ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு இது ஏறத்தாழ 41 விழுக்காடு. சரி, சோடியம் குளோரைடுக்கு 100 விழுக்காடுதானே என்றால், அதுவும் இல்லை. படிகத்திலிருந்து பிரிந்து வாயு நிலையில் தனி இணையாக இருக்கும் சோடியம் குளோரைடுக்கு அளந்த மதிப்பு 9.0 டிபை, முழு மதிப்பு 11.3, அதாவது 80 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அயனிச் சேர்மத்துக்கு முதல் எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் பொருளிலேயே எலக்ட்ரான் முற்றாகக் கைமாறுவதில்லை.

1.7 என்ற எண் வந்த வழியும் இதுதான். எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாட்டிலிருந்து அயனித்தன்மை விழுக்காட்டைக் கணிக்க பாலிங் ஒரு சூத்திரம் தந்தார். அதில் 1.7 என்று இட்டால் 51 விழுக்காடு வரும். பாதியைத் தாண்டியது அயனி, தாண்டாதது சகப்பிணைப்பு என்று யாரோ கோடு கிழித்துவிட்டார்கள். அதே சூத்திரம் ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு 55 விழுக்காடு என்கிறது. அளவீடு 41 என்கிறது. தோராயமான ஒரு சூத்திரத்தின் நடுப்புள்ளியை எல்லைக்கோடாக்கி, அதன் மீது ஒரு மதிப்பெண் கேள்வி கேட்பது அறிவியலுக்கும் மாணவருக்கும் செய்யும் அநீதி என்பது என் கருத்து. வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் அயனித்தன்மை ஓங்கியிருக்கும், மிகச் சிறிதாக இருந்தால் பங்கீடு ஓங்கியிருக்கும் என்ற அளவுக்குத்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அப்படியானால் இடைப்பட்ட சேர்மங்களை எப்படி எடைபோடுவது? இதற்கு வேதியியலர் காசிமிர் ஃபஜான்ஸ் 1923-இல் சொன்ன வழி இன்றும் பயன்படுகிறது. முதலில் சேர்மத்தை முழு அயனிகளால் ஆனதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறகு, நேரயனி தன் அண்டையிலிருக்கும் எதிரயனியின் எலக்ட்ரான் மேகத்தை எவ்வளவு தன் பக்கம் இழுத்துச் சிதைக்கும் என்று கேளுங்கள். சிதைவு மிகுந்தால் மேகம் இரு அணுக்கருக்களுக்கும் இடையே வந்து நிற்கும். அதுவே பங்கீட்டின் தொடக்கம். உள்ளங்கையை மெத்தையில் வைத்து அழுத்துவதற்கும் அதே விசையை ஒரு விரல் நுனியில் குவிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கொள்ளுங்கள். இங்கு அழுத்தத்துக்குப் பதில் இழுப்பு, அவ்வளவுதான். சோடியம் அயனிக்கு ஒற்றை நேர்மின்சுமை, ஆரம் 102 பிக்கோமீட்டர். அலுமினியம் அயனிக்கு மூன்று மின்சுமை, ஆரம் சுமார் 54 பிக்கோமீட்டர். பருமனைக் கணக்கிட்டுப் பார்த்தால் அலுமினியம் அயனியின் மின்சுமை அடர்த்தி சோடியத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. எதிரயனியின் பக்கமும் பார்க்க வேண்டும்: 133 பிக்கோமீட்டர் ஆரமுள்ள ஃபுளோரைடு தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கிறது, 220 பிக்கோமீட்டர் ஆரமுள்ள அயோடைடின் வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் எளிதில் இழுபடும்.

இதைச் சோதனைக்குழாயிலேயே பார்க்கலாம். நான்கு குழாய்களில் சோடியத்தின் ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடுக் கரைசல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில சொட்டு சில்வர் நைட்ரேட்டுக் கரைசலை விட வேண்டும். ஃபுளோரைடு இருக்கும் குழாயில் எதுவும் நடக்காது. கரைசல் தெளிவாகவே இருக்கும். குளோரைடில் சொட்டு விழுந்த இடத்திலேயே திரிந்த பால்போன்ற வெண்மையான வீழ்படிவு; புரோமைடில் வெளிர் மஞ்சள்; அயோடைடில் நல்ல மஞ்சள். வெள்ளி அயனி எல்லாவற்றிலும் ஒன்றுதான். எதிரயனி பெரிதாகப் பெரிதாக வெள்ளி அதன் மேகத்தை மேலும் மேலும் தன் பக்கம் இழுக்கிறது, பிணைப்பில் பங்கீடு கூடுகிறது, நீரால் அந்த அயனிகளைப் பிரிக்க முடியாமல் போகிறது. சில்வர் ஃபுளோரைடு ஒரு லிட்டர் நீரில் ஒரு கிலோவுக்கும் மேல் கரையும். சில்வர் குளோரைடு 2 மில்லிகிராம்கூடக் கரைவதில்லை. இத்தனைக்கும் சில்வர் குளோரைடின் படிக அமைப்பு சோடியம் குளோரைடின் அமைப்பேதான். வெள்ளி அயனியின் அளவும் சோடியம் அயனியின் அளவும் அருகருகேதான் இருக்கின்றன. வெள்ளி அயனியின் வெளிக்கூட்டில் உள்ள, 'டி' என்ற வகை வழித்தடங்களில் இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைக்காததால், அதே அளவுள்ள சோடியத்தைவிட அது அண்டை மேகங்களை அதிகமாகச் சிதைக்கிறது.

இதுவரை பிணைப்பைப் பற்றிப் பேசினோம். ஆய்வகத்தில் பிணைப்பை யாரும் நேரடியாகப் பார்ப்பதில்லை. உருகுநிலை, மின்கடத்தும் திறன், கரைதிறன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறோம். "அயனிச் சேர்மங்களின் உருகுநிலை அதிகம், சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு" என்ற வாக்கியம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வாக்கியத்தை ஒரே ஒரு வரிசையில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வரிசை இது.

தனிம வரிசை அட்டவணையின் மூன்றாம் வரிசையில், சோடியம் முதல் சல்பர் வரையிலான தனிமங்கள் ஒவ்வொன்றும் ஃபுளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களை எடுத்துக்கொள்வோம். சோடியம் ஃபுளோரைடு ஏறத்தாழ 995 டிகிரியில் உருகுகிறது. மெக்னீசியம் ஃபுளோரைடு 1263 டிகிரி. அலுமினியம் ஃபுளோரைடு 1290 டிகிரியை ஒட்டிப் பதங்கமாகிறது, அதாவது உருகாமல் நேரே வாயுவாகிறது. இதுவரை ஏறுமுகம். அடுத்தது சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு; அது சுழியத்துக்குக் கீழே 90 டிகிரியிலேயே திண்ம நிலையை விட்டுவிடுகிறது. பாஸ்பரஸ் பென்டாஃபுளோரைடு சுழியத்துக்குக் கீழே 94, சல்பர் ஹெக்சாஃபுளோரைடு சுழியத்துக்குக் கீழே 51. அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே ஏறத்தாழ 1380 டிகிரி ஆழமுள்ள ஒரு பாதாளம் இருக்கிறது. மனப்பாட வாக்கியத்தை நம்பினால், அலுமினியம் வரை அயனிப் பிணைப்பு, சிலிக்கானிலிருந்து சகப்பிணைப்பு என்று முடிவு கட்டத் தோன்றும்.

இப்போது எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடுகளை அதே வரிசையில் எழுதிப் பாருங்கள்: 3.05, 2.67, 2.37, 2.08, 1.79, 1.40. மெக்னீசியத்திலிருந்து அலுமினியத்துக்கு வரும்போது வேறுபாடு 0.30 குறைகிறது. அலுமினியத்திலிருந்து சிலிக்கானுக்கு வரும்போது 0.29 குறைகிறது. முதல் படியில் உருகுநிலை சற்று ஏறவே செய்கிறது. ஏறத்தாழ அதே உயரமுள்ள இரண்டாவது படியில் அது பாதாளத்தில் விழுகிறது. பிணைப்பின் தன்மை படிப்படியாக, சீராக மாறிக்கொண்டிருக்கையில், உருகுநிலை மட்டும் ஏன் ஒரே இடத்தில் குதிக்க வேண்டும்? மேலும், சிலிக்கான் டெட்ராஃபுளோரைடின் 2.08 என்பது நம் மாணவி குறிப்பிட்ட சோடியம் அயோடைடின் 1.73-ஐவிட அதிகம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிங் 1930-களிலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். எண்ண வேண்டியது அண்டை அணுக்களை. அலுமினியம் ஃபுளோரைடில் ஒவ்வோர் அலுமினியத்தையும் சுற்றி ஆறு ஃபுளோரின்கள் நிற்கின்றன. ஆனால் வேதி வாய்பாட்டின்படி ஓர் அலுமினியத்துக்கு மூன்று ஃபுளோரின்கள்தான் உண்டு. மூன்றை வைத்துக்கொண்டு ஆறு இடங்களை நிரப்ப ஒரே வழி, ஒவ்வொரு ஃபுளோரினும் இரண்டு அலுமினியங்களுக்குப் பொதுவாக நிற்பது. அப்படி நிற்கும்போது ஓர் அலுமினியம் ஆறு திசைகளிலும் வேறு ஆறு அலுமினியங்களோடு பாலம் போட்டுக்கொள்கிறது. அவை ஒவ்வொன்றும் மேலும் ஆறோடு. முழுப் படிகமும் ஒரே வலைப்பின்னல் ஆகிவிடுகிறது. அதை உருக்கவோ ஆவியாக்கவோ வேண்டுமானால் வலிமையான அலுமினியம்–ஃபுளோரின் பிணைப்புகளையே உடைத்தாக வேண்டும்.

சிலிக்கான் டெட்ராஃபுளோரைடில் ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஃபுளோரின்கள். வாய்பாட்டிலும் அதே நான்கு. எதையும் பொதுவில் வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. நான்கு ஃபுளோரின்களும் சிறிய சிலிக்கானை நான்முகியாகப் போர்த்திவிடுவதால், பக்கத்து மூலக்கூறின் ஃபுளோரின் உள்ளே நெருங்க வழியில்லை. சிலிக்கானிடம் நேர்மின்சுமை நிறையவே இருக்கிறது. ஆனால் அது வெளியே தெரியாதபடி எதிர்மின்சுமையால் மூடப்பட்டிருக்கிறது. இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் ஃபுளோரின் முகமும் ஃபுளோரின் முகமும்தான் சந்திக்கின்றன. அவற்றுக்கிடையே மிக மெலிந்த ஈர்ப்புதான். அந்த மெலிந்த ஈர்ப்பைக் குலைக்கச் சுழியத்துக்குக் கீழேயுள்ள வெப்பநிலையே போதும். உள்ளே இருக்கும் சிலிக்கான்–ஃபுளோரின் பிணைப்பு உடைவதே இல்லை. ஒற்றைப் பிணைப்புகளில் மிக வலிமையானவற்றுள் அது ஒன்று. சல்பர் ஹெக்சாஃபுளோரைடில் ஆறு இடங்கள், ஆறு ஃபுளோரின்கள்; அங்கும் இதே கதை.

இந்த விளக்கம் சரியா என்று பார்க்க ஒரு மாற்றுச் சோதனை இருக்கிறது. சிலிக்கானைச் சுற்றி நான்கு அண்டை அணுக்கள் என்பதை மாற்றாமல், ஃபுளோரினுக்குப் பதிலாக ஆக்சிஜனை வைப்போம். சிலிக்கான் டைஆக்சைடில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன்கள்தான் உண்டு. நான்கு இடங்களை நிரப்ப ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களுக்குப் பொதுவாகிறது. உடனே வலைப்பின்னல் உருவாகி, உருகுநிலை 1700 டிகிரியை ஒட்டிப் போய்விடுகிறது. சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான கவர்தன்மை வேறுபாடு 1.54, சிலிக்கானுக்கும் ஃபுளோரினுக்கும் இடையில் இருந்ததைவிடக் குறைவு. அயனித்தன்மை குறைந்த சேர்மம் பாறையாகவும், அயனித்தன்மை மிகுந்த சேர்மம் வாயுவாகவும் இருக்கின்றன. ஆக, உருகுநிலை நமக்கு முதன்மையாகச் சொல்வது அணுக்கள் வலைப்பின்னலாகக் கோக்கப்பட்டிருக்கின்றனவா, தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்திருக்கின்றனவா என்பதைத்தான். அயனிச் சேர்மங்களில் மூலக்கூறுகள் இல்லாததால் அவை பெரும்பாலும் உயர்ந்த உருகுநிலை கொண்டிருக்கின்றன. ஆனால் உயர்ந்த உருகுநிலை கொண்டவை எல்லாம் அயனிச் சேர்மங்கள் அல்ல. வைரம் ஒன்றே இதற்குப் போதுமான சாட்சி.

"உருகிய நிலையில் மின்சாரத்தைக் கடத்தினால் அயனிச் சேர்மம்" என்ற அடுத்த சோதனை இதைவிட நம்பத்தக்கது. ஆனால் அதையும் திணறவைக்கும் ஒரு பொருள் இருக்கிறது: நீரற்ற அலுமினியம் குளோரைடு. ஈரக்காற்று பட்டாலே புகையும் இந்த வெண்ணிறத் தூளைத் திறந்த குழாயில் சூடாக்கினால் 180 டிகிரியை ஒட்டிப் பதங்கமாகிவிடும். எனவே அழுத்தம் தாங்கும் மூடிய குழாயில், இரண்டு மின்வாய்களைப் பொருத்திச் சூடாக்க வேண்டும். திண்ம நிலையில் ஒவ்வோர் அலுமினியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள், ஒவ்வொரு குளோரினும் இரண்டு அலுமினியங்களுக்குப் பொது. அடுக்கடுக்கான ஒரு வலைப்பின்னல். வெப்பம் ஏற ஏற, எல்லா அயனிப் படிகங்களையும் போலவே இதன் வழியாகவும் மிகச் சிறிய அளவில் மின்சாரம் பாயத் தொடங்குகிறது. உருகுநிலையை நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 192 டிகிரியில் பொருள் உருகுகிறது. சோடியம் குளோரைடாக இருந்தால் இந்த இடத்தில் கடத்தும் திறன் பலமடங்கு எகிறியிருக்கும். அலுமினியம் குளோரைடிலோ அது படுத்துவிடுகிறது. அளவிடும் கருவியின் முள் சுழியத்தை ஒட்டிப் போய் நிற்கிறது.

அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. சோடியம் குளோரைடு உருகும்போது அதன் பருமன் ஏறத்தாழ கால்பங்கு கூடும். அலுமினியம் குளோரைடு உருகும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காக ஊதிவிடுகிறது. காரணம், வலைப்பின்னல் தளர்ந்து திரவமாகவில்லை. துண்டு துண்டாகக் கத்தரிக்கப்பட்டு மூலக்கூறுகளாகிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு அலுமினியங்கள், ஆறு குளோரின்கள். ஒவ்வோர் அலுமினியத்தைச் சுற்றியும் இப்போது நான்கு குளோரின்கள். அவற்றில் இரண்டு மட்டும் நடுவில் பாலமாக நிற்கின்றன. ஆறாக இருந்த அண்டை எண்ணிக்கை நான்காகக் குறைந்ததும் பொதுவில் வைக்க வேண்டிய தேவையும் சுருங்கிவிட்டது. துண்டுகளுக்கு மொத்த மின்சுமை இல்லாததால் மின்சாரத்தைச் சுமந்து செல்லவும் ஆளில்லை. உருகுவதற்கு ஒரு டிகிரிக்கு முன் அயனிப் படிகம் போலவும், ஒரு டிகிரிக்குப் பின் மூலக்கூறுத் திரவம் போலவும் நடந்துகொள்ளும் இந்தச் சேர்மத்தில், அலுமினியத்துக்கும் குளோரினுக்கும் இடையிலான கவர்தன்மை வேறுபாடு மட்டும் 1.55 என்ற அதே எண்ணாக நிற்கிறது. "அலுமினியம் குளோரைடு அயனிச் சேர்மமா?" என்று கேட்பவரிடம் "எந்த நிலையில்?" என்று திருப்பிக் கேட்பதே முறை.

தொழிற்சாலைகளில் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க, 192 டிகிரியில் எளிதாக உருகும் இந்தக் குளோரைடைத் தனியாக மின்னாற்பகுக்க (மின்சாரம் செலுத்திப் பிரிக்க) முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். சார்லஸ் ஹாலும் போல் எரூவும் 1886-இல் தனித்தனியே கண்டறிந்த முறையில், அலுமினியம் ஆக்சைடை கிரையோலைட் என்ற கனிமத்தின் உருகிய நிலையில் கரைத்து, 950 டிகிரிக்கும் மேல் வைத்துத்தான் மின்னாற்பகுக்கிறார்கள். இவ்வளவு தெளிவான ஒரு விளைவை, உருகிய குளோரைடுகளின் கடத்தும் திறனைப் பொறுமையாக ஒவ்வொன்றாக அளந்தவர்கள்தான் நமக்குத் தந்திருக்கிறார்கள். "இந்த அளவீட்டால் உடனடிப் பயன் என்ன?" என்று முதல் வரியிலேயே கேட்கும் இன்றைய நிதிவிண்ணப்பப் படிவத்தில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு.

மற்ற சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்துவது அயனிச் சேர்மத்துக்கு அடையாளம் ஆகாது. ஹைட்ரஜன் குளோரைடு நீரில் நன்றாகக் கடத்தும், ஆனால் டொலுவீனில் கரைத்தால் கடத்தாது. அயனிகள் வாயுவுக்குள் முன்பே இருந்தவை அல்ல. நீர்தான் பிணைப்பை உடைத்து அவற்றை உண்டாக்குகிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம் என்ற விதியை டைட்டானியம் டெட்ராகுளோரைடு மீறுகிறது. உலோகத்தின் சேர்மமான அது, அறை வெப்பநிலையில் நிறமற்ற திரவம். மறுபுறம், உலோகமே இல்லாத எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு முழுக்க முழுக்க அயனிகளால் ஆனது. அதன் உருகுநிலை 12 டிகிரிதான் என்று வேதியியலர் பால் வால்டன் 1914-லேயே பதிவு செய்துவிட்டார். பெரிய, ஒழுங்கற்ற வடிவமுள்ள அயனிகளால் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாததால் படிகம் எளிதில் குலைந்துவிடுகிறது.

நேரடியான சாட்சியம் வேண்டுமென்றால் எக்ஸ் கதிர்களிடம்தான் போக வேண்டும். படிகத்தில் சிதறும் எக்ஸ் கதிர்களை நுட்பமாக அளந்தால் எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்ற வரைபடத்தையே தீட்டிவிடலாம். சோடியம் குளோரைடின் வரைபடத்தில் இரு அயனிகளுக்கும் நடுவே அடர்த்தி ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்குகிறது. வைரத்தின் வரைபடத்தில் இரு கார்பன்களுக்கும் நடுவே எலக்ட்ரான்கள் குவிந்து கிடக்கின்றன. மற்றவை இந்த இரண்டுக்கும் இடையே எங்காவது நிற்கும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு நடைமுறை வழி. கேள்வியைச் சேர்மத்தின் மீது வைக்காமல், குறிப்பிட்ட இரு அணுக்களின் மீது வையுங்கள். முதலில் கவர்தன்மை வேறுபாட்டைப் பாருங்கள். இடைப்பட்ட எண் வந்தால் நேரயனியின் அளவையும் மின்சுமையையும் பாருங்கள். பிறகு, வாய்பாட்டில் உள்ள அணுக்கள் அண்டை இடங்களை நிரப்பப் போதுமா, பொதுவில் வைக்க வேண்டியிருக்கிறதா என்று எண்ணுங்கள். பிணைப்பைப் பற்றிய தீர்ப்பை முதல் இரண்டிலிருந்தும், உருகுநிலை பற்றிய தீர்ப்பை மூன்றாவதிலிருந்தும் எடுத்துக்கொண்டால் குழப்பம் வெகுவாகக் குறையும். கால்சியம் கார்பனேட்டில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சகப்பிணைப்பு, கார்பனேட்டு அயனிக்கும் கால்சியம் அயனிக்கும் இடையே அயனிப் பிணைப்பு என்று பிரித்துச் சொல்ல முடிவது இப்படிக் கேட்பதால்தான்.

அம்மோனியம் குளோரைடிலும் இப்படியே பிரிக்கலாம். அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்ற இரண்டு நிறமற்ற வாயுக்கள் காற்றில் சந்தித்ததும் வெண்புகையாக உண்டாகும் திண்மம் அது. சந்திக்கும் இரண்டும் சகப்பிணைப்பு மூலக்கூறுகள். உண்டாவது அயனிப் படிகம். ஹைட்ரஜன் குளோரைடிலிருந்த புரோட்டான் அம்மோனியாவின் தனித்த எலக்ட்ரான் இணையைப் பற்றிக்கொண்டு இடம்பெயர, எஞ்சும் குளோரைடு அயனி அருகிலேயே நிற்கிறது. அம்மோனியம் அயனிக்குள் நைட்ரஜனோடு இணைந்திருக்கும் நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே வகைச் சகப்பிணைப்பில் இருக்கின்றன. அயனிக்கும் குளோரைடுக்கும் இடையே இருப்பது மின் ஈர்ப்பு. நன்றாகச் சூடாக்கினால் புரோட்டான் மீண்டும் குளோரைடிடம் திரும்பி, படிகம் அதே இரண்டு வாயுக்களாகப் பிரிந்துவிடும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் அவை மறுபடியும் சேர்ந்து வெண்படலமாகப் படியும்.